திக்குவாயை ஆராய்ந்த திக்குவாயர்: வெண்டல் ஜான்சன்

கேள்வி: பேச்சுக் குறைபாடுகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவருடைய ஆய்வு இன்றும் பயன்படுகிறதா?

திக்குவாய் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில், என் மனத்தை அதிகம் அலைக்கழித்த ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் வெண்டல் ஜான்சன். 1906-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த அவருக்குச் சிறுவயதிலிருந்தே கடுமையான திக்குவாய் இருந்தது. 1926-ல் அவர் அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பேச்சுக் குறைபாடுகளை அறிவியல் முறையில் ஆராயும் துறை அப்போதுதான் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. தன் திக்கலைப் பற்றி எழுதிய முதுகலை ஆய்வேட்டை 1930-ல் நூலாகவும் வெளியிட்டார்.

மூளையின் இரு பாதிகளில் எது பேச்சை ஆள்வது என்ற போட்டியே திக்கலுக்குக் காரணம் என்று அங்கே அப்போது நம்பினார்கள். கைப்பழக்கத்தை மாற்றினால் அந்தப் போட்டி தீரும் என்றும் எண்ணினார்கள். அதன்படி ஜான்சன் தன் வலக்கையைக் கட்டி முடக்கிவிட்டு, இடக்கைக்காரராக மாறிப் பார்த்தார். திக்கல் போகவில்லை. சொந்த உடம்பில் ஒரு கோட்பாடு தோற்றதைக் கண்ட பிறகே அவர் வேறு காரணம் தேடினார் என்பது அவருடைய வாழ்க்கையை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது.

அவர் கண்டடைந்த விடை இதுதான்: சிறு குழந்தைகள் எல்லோருமே பேசத் தொடங்கும் வயதில் சொற்களைத் திரும்பச் சொல்வார்கள், நடுவில் தயங்குவார்கள், அந்த இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் ‘திக்குவாய்’ என்று பெயரிட்டுக் கவலைப்படத் தொடங்கும்போதுதான் குழந்தை பேச்சை அஞ்சி, உண்மையிலேயே திக்கத் தொடங்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், திக்கல் குழந்தையின் வாயில் தொடங்குவதில்லை, பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்பது அவர் கொள்கை. இதற்குச் சான்றாக, சில அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் திக்கலுக்குச் சொல்லே இல்லை, ஆகவே அங்கே திக்குவாயரும் இல்லை என்று 1944-ல் எழுதினார். பின்னர் ஆராய்ந்தவர்கள் அந்த மக்களிடையே திக்குவாயரும் உண்டு, அதற்கான சொற்களும் உண்டு என்று கண்டார்கள்.

கோட்பாடு தவறினாலும் அவர் கற்றுத்தந்த வழிமுறை நிலைத்தது. திக்கும் குழந்தைகளையும் திக்காத குழந்தைகளையும் அருகருகே வைத்து, எத்தனை முறை, எந்த வகையில் தடுமாறுகிறார்கள் என்று அவரும் அவருடைய குழுவினரும் எண்ணினார்கள். பெற்றோரிடம் விரிவாக விசாரித்தார்கள். அந்தப் பெரிய ஆய்வு 1959-ல் நூலாக வந்தது. நான் இன்று ஒரு குழந்தையின் பேச்சைப் பதிவுசெய்து, நூறு அசைகளுக்கு எத்தனை தடுமாற்றம் என்று கணக்கிடும் பழக்கம் இப்படி எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்களிடமிருந்து வந்ததே.

ஆனால் அந்தக் கொள்கை தாய்மார்கள் மேல் ஏற்றிவைத்த பாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘நீ அதட்டியதால்தான் பிள்ளைக்குத் திக்குகிறது’ என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ சொல்லக் கேட்டுக் கூனிக் குறுகி வரும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். திக்கல் குடும்பங்களில் தொடர்வதையும் அதற்கு மரபணுக் காரணங்கள் உண்டு என்பதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன. 2010-ல் சில குறிப்பிட்ட மரபணு மாற்றங்களே அடையாளம் காணப்பட்டன. குழந்தைப் பருவத்தில் திக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு அது தானே சரியாகிவிடுகிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். தாயின் முகம் தெளிவதைப் பார்த்த பிறகே குழந்தையோடு விளையாடத் தொடங்குவேன்.

இந்த ஆராய்ச்சியாளரின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1939-ல், ‘திக்குவாய்’ என்று பெயரிடுவதே திக்கலை உண்டாக்குமா என்று சோதிக்க, அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, அயோவாவின் டேவன்போர்ட் நகரிலிருந்த அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், ‘உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, தவறு வராமல் பேசு, இல்லையென்றால் பேசாதே’ என்று பல மாதங்கள் சொல்லிவந்தார்கள். அவர்கள் திக்குவாயர்களாக மாறியதாகத் தரவுகள் காட்டவில்லை என்று 2002-ல் இருவர் மறுஆய்வு செய்து எழுதினார்கள். ஆனால் பலர் பேச அஞ்சி ஒடுங்கினார்கள். டியூடர் அந்தக் கெடுதலைச் சரிசெய்ய மீண்டும் அங்கே சென்றும் பார்த்தார். ஆய்வேடு இதழ் எதிலும் வராமல் பல்கலைக்கழக நூலகத்திலேயே தங்கியது. ஜான்சன் 1965-ல் இறந்தார். 2001-ல் ஒரு நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா மாநிலம் அந்த ஆய்வுக்கு உள்ளானவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் 9,25,000 டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. அவர்களில் அப்போது உயிரோடிருந்தவர்கள் எழுபதைக் கடந்த முதியவர்கள். குழந்தைப் பருவத்தில் தம் பேச்சில் குறை ஏதும் இருக்கவில்லை என்பதை முதுமையில்தான் அவர்கள் அறிந்தார்கள்.