வாசகர் கேள்விகள்: பூண்டு பன்னிரண்டாவது சொல்லாக வந்தால் யார் கண்ணில் படும்?

சமூக ஊடகப் பதிவுக்குத் தலைப்பு எழுதுவது பற்றிப் பழனி மலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

பூம்பாறையில் பூண்டு போடுகிறோம். வியாபாரியிடம் கொடுக்காமல் நேரடியாக விற்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் படம் போடுகிறேன். ‘இயற்கை அன்னையின் மடியில் விளைந்த, பாரம்பரிய முறையில் புகையூட்டப்பட்ட, மணமும் காரமும் நிறைந்த கொடைக்கானல் மலைப்பூண்டு எங்களிடம் கிடைக்கும்’ என்று எழுதுகிறேன். லைக் வருகிறது. என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கே தப்பு?

உங்கள் வாக்கியத்தில் ‘மலைப்பூண்டு’ என்ற சொல் பன்னிரண்டாவதாக வருகிறது. தப்பு அங்கேதான் இருக்கிறது. அடைமொழியை முன்னால் அடுக்கி, பொருளைப் பின்னால் வைத்து, வினையில் முடிப்பது தமிழின் இயல்பு. மேடையிலும் கடிதத்திலும் அது அழகு. ஆனால் போனில் விரல் தள்ளிக்கொண்டே போகிறவர் முதல் நாலைந்து சொல்லைத்தான் பார்க்கிறார். உங்கள் முதல் நாலு சொல்லில் இயற்கை இருக்கிறது, அன்னை இருக்கிறாள், மடி இருக்கிறது. பூண்டைக் காணோம்.

இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறி வரை எழுத இடம் உண்டு. ஆனால் சுமார் 125 குறிக்குமேல் மறைந்துவிடும், ‘மேலும்’ என்பதைத் தொட்டால்தான் மிச்சம் தெரியும். இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் சிரமம். ‘கொடைக்கானல்’ நமக்கு ஆறு எழுத்து. கணினி எண்ணும்போது புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகி, அதே சொல் 11 ஆகிவிடும். ஆகவே 125 குறி என்பது நமக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான்.

திருத்தும் வழி இது. கடைசியாக வந்த பத்து அழைப்புகளை நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர் வாயில் முதலில் வந்த கேள்வி எது? விலையா, பல் பெரிதா சிறிதா என்பதா, எவ்வளவு வாங்க வேண்டும் என்பதா, எங்கள் ஊருக்கு வருமா என்பதா? அதிகம் பேர் கேட்டது எதுவோ அதன் பதில்தான் உங்கள் தலைப்பு. பிறகு வாக்கியத்தை உடைத்துப் பொருளை முன்னால் இழுங்கள்:

‘பூம்பாறை மலைப்பூண்டு, புகை போட்டது. கிலோ இத்தனை ரூபாய். வெள்ளிக்கிழமை பழனி, ஒட்டன்சத்திரம் வரும்.’

‘இத்தனை’ என்ற இடத்தில் உண்மையான விலையைப் போடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது; அது வாங்க நினைத்தவரையும் தயங்க வைக்கிறது. விலை அதிகம் என்று போகிறவர், இன்பாக்ஸில் சொன்னாலும் போகத்தான் போகிறார். மணம், காரம் என்பவை தலைப்புக்கு வேண்டாம். எல்லாப் பூண்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார்கள். புகை போட்டது என்பதை எல்லாரும் சொல்ல முடியாது, அதை விடாதீர்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டாவது வரியில் அதைச் சொல்லலாம். முதல் வரி வாங்குகிறவருடைய கேள்விக்கு உரியது.

தாண்டிக்குடியில் காபித் தோட்டம். யூடியூபில் வீடியோ போடுகிறோம். ‘எங்கள் காபித் தோட்டத்தில் இன்று நடந்த சுவாரசியமான விஷயம்’ என்று தலைப்பு வைத்த வீடியோ நன்றாக எடுத்தது, ஆனால் யாரும் பார்க்கவில்லை. பழத்தைத் தோல் எடுக்கும் வேலையைக் காட்டியிருந்தோம்.

‘சுவாரசியமான விஷயம்’ என்பதற்குள் காபி தோல் எடுப்பது ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? ‘விஷயம்’, ‘ரகசியம்’, ‘இது’ போன்ற சொற்கள் மூடிய பெட்டி மாதிரி. உள்ளே இருப்பதன் பெயரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டு, ஏன், எப்படி என்பதை மட்டும் வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘காபிப் பழம்: பறித்த அன்றே தோல் எடுக்காவிட்டால் என்ன ஆகும்?’

யூடியூப் தலைப்புக்கு உச்ச வரம்பு 100 குறி. இது இடைவெளியும் சேர்த்து 58. பழத்தைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்து, கொட்டையின் சுவை கெட்டுப்போகும் என்பது விடை. அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்டுக் கூப்பிட்டுவிட்டு எட்டு நிமிடம் காக்க வைத்தால் அடுத்த வீடியோவுக்கு வரமாட்டார்கள்.

‘காபி’ என்றும் தேடுகிறார்கள், ‘காப்பி’ என்றும் தேடுகிறார்கள். தலைப்பில் ஒன்றை வைத்து, கீழே விவரக் குறிப்பில் மற்றதையும் எழுதுங்கள்.

முகப்புப் படத்தில் தலைப்பையே மறுபடி எழுதாதீர்கள். ‘அன்றே? மறுநாளா?’ என்று இரண்டு மூன்று சொல் போதும். அதுவும் வலது கீழ் மூலையில் வேண்டாம். வீடியோவின் நேர அளவு அங்கேதான் வந்து உட்காரும், எழுத்தை மறைத்துவிடும்.

மலைத்தேன் விற்கிறோம். ‘சர்க்கரை நோய் தீர்க்கும் தேன்’ என்று போட்டால் நிறையப் பேர் பகிர்கிறார்கள். போடலாமா?

கூடாது. தேனும் சர்க்கரைதான். நம்பி வாங்கிக் குடிப்பவருக்கு அது நேரடி ஆபத்து. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ன் 53-ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சொல்ல உண்மையான செய்தி இல்லாமலா இருக்கிறது? அடுக்குத் தேனா, கொம்புத் தேனா, கொசுத் தேனா, எந்த மாதம் எடுத்தது, பாட்டில் எத்தனை கிராம்? ‘கொம்புத் தேன், இந்த மாதம் எடுத்தது, அரைக் கிலோ’ என்பது நல்ல தலைப்பு.

மன்னவனூரில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ‘குறிஞ்சி பூத்துவிட்டது! பார்க்காதவர்கள் பாவம்!’ என்று போட்டால் கூட்டம் வரும் என்கிறார்கள் நண்பர்கள். இங்கே ஏதோ ஒரு குறிஞ்சி பூத்துத்தான் இருக்கிறது.

அந்த ‘ஏதோ ஒரு’ என்பதில்தான் சிக்கல். மக்கள் குறிஞ்சி என்று கேட்டதும் நினைப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் பூவை. அது 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. அதே பேரினத்தில் வேறு பல செடிகள் வேறு வேறு கணக்கில் பூக்கின்றன. உங்கள் தலைப்பை நம்பி, குழந்தைகளோடு மலையேறி வருகிற குடும்பம் நாலு புதரைப் பார்த்துவிட்டு உங்கள் வாசலில் நிற்கும். அவர்கள் எழுதப்போகும் விமர்சனத்தை எந்தத் தலைப்பாலும் துடைக்க முடியாது.

உண்மையையே தலைப்பாக்கலாம்: ‘12 ஆண்டுக் குறிஞ்சி இல்லை. ஆனால் மன்னவனூர் சாலையில் இந்த வாரம் இந்த நீலப் பூ.’ முதல் துண்டு ஏமாற்றத்தைத் தடுக்கிறது, இரண்டாவது துண்டு படத்தைப் பார்க்க வைக்கிறது. இதைப் படித்து வருகிறவர் பூவைத் தெரிந்துகொண்டு வருகிறவர்.

‘ஐந்து பேருக்கு டேக் செய்யுங்கள்’, ‘பிடித்தால் லைக், இல்லையென்றால் ஷேர்’ என்றெல்லாமும் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்படிக் கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

அறைக்கான பதிவில் தூரத்தை மறைக்காதீர்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று நினைத்து வருகிறவருக்கு, மன்னவனூர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் என்பது முதல் இரண்டு வரியில் தெரிய வேண்டும். 2024 மே 7-லிருந்து கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதையும் ஒரு வரி போடுங்கள், போனில் பாதிக் கேள்வி குறையும்.

தடித்த எழுத்தில் தலைப்புப் போட முடியவில்லை. படத்தில் எழுதினால் எழுத்து உடைகிறது.

ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் அலங்கார எழுத்துகள் தமிழுக்குக் கிடையாது, தேடி அலைய வேண்டாம். வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி இட்டால் தடிக்கும். தமிழுக்கும் இது வேலை செய்யும். படத்தில் கொம்பு தனியாகப் பிரிந்து புள்ளி வட்டம் தெரிந்தால், அந்த எழுத்துரு தமிழுக்கானது இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுங்கள். வரி மடக்கும்போது ‘மலைப்’ ஒரு வரி, ‘பூண்டு’ அடுத்த வரி என்று விடாதீர்கள். ‘மலைபூண்டு’ என்று ஒற்றைத் தின்றுவிடுவதும் வேண்டாம். ஊர்க்காரர் எழுதியதில்லை போலிருக்கிறதே என்று படிக்கிறவர் சந்தேகப்படுவார்.

எந்தத் தலைப்பு வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு தலைப்பு எழுதுங்கள், படம் ஒன்றே. ஒன்றை இந்த வியாழன் மாலை 7 மணிக்கும், மற்றதை அடுத்த வியாழன் அதே நேரத்துக்கும் ஸ்டேட்டஸில் போடுங்கள். படம், கிழமை, நேரம், விலை எதையும் மாற்றக்கூடாது. மாற்றினால் எதனால் கூடியது என்று தெரியாமல் போய்விடும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதற்குள் பார்த்தவர் எண்ணிக்கையையும், ‘எவ்வளவு’, ‘எப்போது வரும்’ என்று கேட்டவர் எண்ணிக்கையையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் பார்த்தாலும் பட்டியலில் வரமாட்டார்கள், நீங்களே அணைத்திருந்தால் ஒருவர் பெயரும் தெரியாது. அதனால் கேட்டவர் கணக்கையே பெரிதாக நம்புங்கள். 200 பேர் பார்த்து இரண்டு பேர் கேட்டதைவிட, 90 பேர் பார்த்து ஆறு பேர் கேட்ட தலைப்பு மேல். ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டாமல், அதே இரண்டையும் மாற்றி மாற்றி நாலு வாரம் போட்டுப் பாருங்கள். மழை கொட்டி மலைப்பாதை அடைபட்ட வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.