மங்கிய கருவியை நம்பலாமா?

அன்புள்ள ஐயா,
காசினி விண்கலம் பற்றிய கட்டுரையில், புற ஊதாக் கருவிகளின் உணர்திறன் ஆண்டுக்காண்டு குறையும் என்று எழுதியிருந்தீர்கள். பழுது பார்க்க ஆளும் போக முடியாது. அப்படியானால் அவை சொல்லும் அடர்த்தியையும் வெப்பநிலையையும் எதை வைத்து நம்புவது?
முகிலன், வேலூர்

அன்புள்ள முகிலன்,

உணர்திறன் குறைவது உண்மை. ஆனால் எல்லா அளவீடும் அதனால் ஒரே அளவில் கெடுவதில்லை. விகிதம் கேட்டால் மங்கிய கருவியும் சரியாகச் சொல்லும். ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்டால்தான் தடுமாறும்.

விகிதம் கிடைப்பது விண்மீன் மறைப்பில். கோளின் விளிம்புக்குப் பின்னால் விண்மீன் இறங்குவதைக் கருவி தொடர்ந்து பார்க்கும். காற்றுக்கு மேலே, செவ்வாயில் என்றால் சுமார் 200 கி.மீ. உயரத்தில், பதிவான நிறமாலைதான் அடிப்படை. பிறகு வரும் ஒவ்வொன்றையும் அதால் வகுக்கிறார்கள். உணர்திறன் பாதியாகியிருந்தால் மேலும் கீழும் பாதி, அடிபட்டுப் போகும். மிஞ்சுவது காற்று விழுங்கிய ஒளி மட்டும். கார்பன் டை ஆக்சைடு 200 நானோமீட்டருக்குக் கீழே விழுங்கும், ஓசோன் 255-ஐ ஒட்டி. அதனால் ஒரே நிறமாலையில் இரண்டையும் பிரித்துவிடலாம். பார்வைக்கோட்டில் எத்தனை மூலக்கூறுகள் என்று தெரிந்ததும், மேலிருந்து வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரித்தால் ஒவ்வொரு உயரத்தின் அடர்த்தி, மேலுள்ள காற்றின் எடையைச் சேர்த்தால் அழுத்தம், அதிலிருந்து வெப்பநிலை. உச்சி அடுக்கின் வெப்பநிலையை மட்டும் ஊகித்தாக வேண்டும், ஆகவே வரைபடத்தின் மேல்நுனியை நான் பெரிதாக நம்புவதில்லை.

எந்த விண்மீனும் இதற்கு ஆகாது. திருவாதிரை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் குளிர்ந்த சிவப்பு விண்மீன், தொலை புற ஊதாவில் அநேகமாக இருட்டு. சித்திரை, மூலம் போன்ற கொதிக்கும் நீல விண்மீன்கள்தான் வேண்டும். 2005 பிப்ரவரியில் சனியின் நிலவான என்சலடஸ் மூலத்தை மறைத்தபோது காசினி எந்த மங்கலும் காணவில்லை. ஜூலை 14 அன்று பெல்லாட்ரிக்ஸ் என்ற இன்னொரு நீல விண்மீன் மறைந்தபோது, தென்துருவத்துக்கு அருகே ஒளி படிப்படியாகக் குறைந்தது. நிலநடுக்கோட்டருகே வெளிவந்தபோது குறையவே இல்லை. நீராவி நிலவைச் சுற்றிப் போர்த்தியிருக்கவில்லை, தெற்கே மட்டும் பீறிடுகிறது என்று தெரிந்தது அப்படித்தான். இதற்குக் கருவியின் சரியான உணர்திறன் தேவைப்படவே இல்லை.

விகிதமும் ஏமாற்றும். அந்தச் சில நிமிடங்களில் விண்மீன் பிம்பம் உணரியில் இடம் நகர்ந்து, தேய்ந்த புள்ளியில் விழுந்தால் போலி மங்கல் வரும். காற்றே இல்லாத உயரத்தில் மங்கல் தெரிந்தாலோ, அது எந்த வாயுவின் அலைநீளப் பாங்கோடும் பொருந்தாவிட்டாலோ சந்தேகப்படுங்கள். இன்னொன்று, ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் ஒளிர்வு (லைமன் ஆல்ஃபா), கருவிக்குள் ஒளி நுழையும் குறுகிய பிளவு முழுவதும் நிறைந்திருக்கும். உணரியின் பக்கத்து வரிசைகளை வைத்து அதைக் கழிக்காவிட்டால் விண்மீன் ஒருபோதும் முழுதாக அணையாது. காற்று உள்ளதைவிட மெல்லியதாகத் தெரியும்.

தேய்மானத்துக்கும் பெரும்பாலும் அந்த ஒளியே காரணம். ஒவ்வொரு ஃபோட்டானும், உணரியில் சமிக்ஞையைப் பெருக்கும் நுண்குழாய்த் தட்டிலிருந்து மின்னூட்டத்தை உறிஞ்சுகிறது. லைமன் ஆல்ஃபா எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால் அங்கே பெருக்கம் சரிகிறது. மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டினால் கொஞ்சம் மீளும். கலத்தின் பசை, பூச்சிலிருந்து கசியும் ஹைட்ரோகார்பன் ஆடியில் படிவதும் உண்டு. சில நானோமீட்டர் படலமே ஒளியைத் தின்றுவிடும்.

விண்மீனை விட்டு, வாயுவின் ஒளிர்வையே அளக்கும்போதுதான் சிக்கல். அங்கே வகுக்க எதுவும் இல்லை. காசினி திரும்பத் திரும்பச் சித்திரையைப் பார்த்து, பிளவு நெடுக நகர்த்தி அளவைத் திருத்தியது. ஆனால் விண்மீன் புள்ளி, பிளவுக்குள் அடங்கிவிடும். ஒளிர்வோ பிளவை நிறைக்கும். பிளவின் அகலத்தில் பிழை இருந்தால் அது நேரே முடிவில் ஏறும். போதாததற்கு, செவ்வாயின் ஹைட்ரஜனில் லைமன் ஆல்ஃபா பலமுறை சிதறி வருவதால் அணுக்கள் இரட்டித்தாலும் பிரகாசம் இரட்டிக்காது.

இந்தியா செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானின் லைமன் ஆல்ஃபா ஒளிமானி இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதிலும் இதே விகித யுக்திதான்: ஹைட்ரஜன் நிரப்பிய சிமிழ் ஒன்று, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) நிரப்பியது ஒன்று. உள்ளிருக்கும் டங்ஸ்டன் இழையைச் சூடாக்கினால் மூலக்கூறு உடைந்து அணுவாகி, தன் ஒளியை மட்டும் விழுங்கும். இழை எரியும்போது ஒரு அளவு, அணைந்தபோது இன்னொன்று. கணக்கு அந்த இரண்டின் விகிதத்தில்.