ஊரெல்லாம் கிளி பறக்கும்போது கிளி இனம் எப்படி அழியும்? கொளத்தூரில் ஒன்று வாங்கலாமா?

வாசகர் கேள்வியின் சாரம் இது: வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சாயங்காலமானால் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமாகப் போகிறது. கொளத்தூர் பறவைக் கடைகளில் கூண்டு கூண்டாகக் கலர் கிளி இருக்கிறது. அப்படியிருக்க எந்தக் கிளி அழிந்தது, ஏன் அழிந்தது, நாம் ஒன்று வாங்கி வளர்த்தால் என்ன தப்பு?

கிளி விஷயத்தில் தலையை எண்ணினால் கணக்கு தப்பும். பொந்தில் குஞ்சு தேறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உலகில் ஏறத்தாழ 400 கிளி இனங்கள் உள்ளன, அவற்றில் சுமார் 28 சதவீதம் அழிவு ஆபத்தில் இருப்பவை. ஆனால் கிளிக்கு ஆயுள் கெட்டி. மக்காவ் என்ற பெரிய வகைக் கிளிகள் பராமரிப்பில் நாற்பது, ஐம்பது வருடம் கூட வாழும். ஒரு ஊரில் பத்து வருடமாக ஒரு குஞ்சு கூடத் தேறவில்லை என்றாலும் பழைய கிளிகள் கத்திக்கொண்டு பறந்துகொண்டுதான் இருக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அந்தக் கிழக்கூட்டம் சாகத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

பொந்துதான் இவற்றின் பலவீனம். பெரும்பாலான கிளிகள் குச்சி சேர்த்துக் கூடு கட்டாது, புதிதாக மரத்தைக் குடையவும் மரங்கொத்தி அளவுக்கு முடியாது. ஏற்கெனவே இருக்கிற பொந்தைக் கொஞ்சம் கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நம் பச்சைக்கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து முட்டை, அடைகாக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு வெளியே வர இன்னும் ஏழு வாரம். அடைகாப்பது பெண். ஆண் வெளியே போய் இரை கொண்டுவந்து ஊட்டும். அதனால் பொந்துக்குள் எலியோ பாம்போ மனிதக் கையோ நுழைந்தால் போவது முட்டையும் குஞ்சும் மட்டுமல்ல, பெண்ணும் சேர்ந்தே போகும்.

அழிவின் கடைசிக் கட்டத்தில் ஆண்களே மிஞ்சுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியூசிலாந்தின் காக்காப்போ பறக்காத கிளி, தரையில் கூடு வைக்கும், பெண் தனியாகவே குஞ்சு வளர்க்கும். 1970-களில் பியோர்ட்லாந்து மலைகளில் தேடிக் கண்டுபிடித்த 18-ம் ஆண். வெளியிலிருந்து வந்த மரநாய் வகைப் பிராணிகளும் எலிகளும் பூனைகளும் பெண்களைத் தீர்த்துவிட்டிருந்தன. 1977-ல் ஸ்டூவர்ட் தீவில் இன்னொரு கூட்டம் தெரியவந்து, அதில் பெண்களும் இருந்ததால்தான் இனம் பிழைத்தது. 1995-ல் 51. பகை விலங்கு இல்லாத தீவுகளுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, டிரான்ஸ்மிட்டர் கட்டிப் பார்த்துக்கொண்டதில் 2022-ல் 252 ஆனது. டாஸ்மேனியாவின் ஸ்விஃப்ட் கிளிக்கும் இதே கதைதான். அந்தத் தீவுக்குச் சொந்தமில்லாத சுகர் கிளைடர் என்ற சின்னப் பிராணி இரவில் பொந்துக்குள் புகுந்து பெண்ணையே தின்றுவிடுகிறது.

ஸ்பிக்ஸ் மக்காவ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஆபத்தும் அதில் ஒன்றாக வருகிறது. பிரேசிலின் பாயியா மாநிலத்தில், மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஓடைகளின் கரையில் நிற்கும் கரைபா மரங்களின் பொந்தில்தான் பெரும்பாலும் முட்டையிடும். கரைபா வேறு எதுவும் இல்லை, தபேபுயா ஆரியா. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு மஞ்சளாகப் பூத்துக் குலுங்குமே, சென்னைத் தெருக்களிலும் பூங்காக்களிலும் அழகுக்காக வைத்திருக்கிறார்களே, அதே மரம். இங்கே நிற்பதெல்லாம் இளசு. கிளி நுழையும் பொந்து விழ மரம் மிகவும் முதிர்ந்திருக்க வேண்டும். அங்கே பழைய மரங்களை வெட்டினார்கள், புதிதாக முளைத்ததை ஆடு மேய்ந்தது. மிச்சமிருந்த பொந்துகளில் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ குடியேறியது. எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறியது, விலை ஏற ஏறப் பிடிப்பவன் இன்னும் தீவிரமாகத் தேடினான். 1987, 88-ல் கடைசி மூன்றையும் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். 1990-ல் ஒன்று தனியாகத் திரிவது தெரிந்தது. அதுவும் ஆண். வேறு இன மக்காவோடு ஜோடி சேர்ந்திருந்தது. அதற்குத் துணையாக 1995-ல் விட்ட பெண் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. 2000 அக்டோபருக்குப் பிறகு அந்த ஆணையும் காணோம். ஜெர்மனியில் வளர்த்தவற்றில் 52 பறவைகள் 2020 மார்ச்சில் பிரேசிலுக்குத் திரும்பின, 2022-ல் எட்டை முதலில் காட்டில் விட்டார்கள். மீட்க எத்தனை நாடு, எவ்வளவு பணம் என்று கணக்குப் பார்த்தால், பத்து முதிய மரங்களுக்கு வேலி போட்டிருந்தால் எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும் என்று தோன்றாமல் இருக்காது.

அமெரிக்காவின் கரோலினா கிளி இப்படி மெதுவாகப் போகவில்லை. தோட்டப் பழத்தைத் தின்கிறது என்று சுட்டார்கள், தொப்பிச் சிறகுக்கும் சுட்டார்கள். கூட்டத்தில் ஒன்று விழுந்தால் மற்றவை பறந்து ஓடாமல் அதையே சுற்றி வரும், அதனால் ஒரே இடத்தில் நின்று மொத்தக் கூட்டத்தையும் முடிக்க முடிந்தது. கடைசிக் கிளி இன்காஸ், சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 1918 பிப்ரவரி 21-ல் செத்தது. பதப்படுத்திய உடல் ஒன்றின் மரபணுவைப் பின்னாளில் படித்துப் பார்த்ததில், இனம் நெடுங்காலமாக நலிந்துவந்த அடையாளமோ நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ந்த அடையாளமோ தென்படவில்லை. நன்றாக இருந்த இனம் மனிதனால் சட்டென்று தீர்ந்திருக்கிறது.

நம் பச்சைக்கிளியின் பங்காளிகளே இந்தியப் பெருங்கடல் தீவுகளில் அழிந்திருக்கிறார்கள். செஷல்ஸ் கிளி 1893-க்குப் பிறகு மாதிரியாகக் கூடக் கிடைக்கவில்லை, தென்னந்தோப்புக்காகக் காடு போனது. ராட்ரிக்ஸ் தீவின் நியூட்டன் கிளியில் 1875-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. தப்பியது மொரீஷியஸின் எக்கோ கிளி. பார்க்க அப்படியே நம்மூர்க் கிளி மாதிரி, கொஞ்சம் தடியாக இருக்கும். 1980-களில் பத்துப் பன்னிரண்டுதான் மிச்சம், அதில் பெண் மூன்று. எலியை ஒழித்தார்கள், பொந்தைச் சீர்செய்தார்கள், கூடு வைக்கப் பெட்டி மாட்டினார்கள், தீனி வைத்தார்கள். 2019-ல் 750-ஐத் தாண்டியது. நடுவில் 2005-ல் அலகு-சிறகு நோய் என்ற வைரஸ் புகுந்தது. சிறகுத் தூள், எச்சம் வழியாகப் பரவும், மருந்து கிடையாது. கூண்டிலிருந்து தப்பி அந்தத் தீவில் பெருகிய நம்மூர்ப் பச்சைக்கிளி பொந்துக்கும் தீனிக்கும் போட்டி. இங்கே பாதுகாக்கப்பட்ட பறவை, அங்கே தொல்லை.

இப்போது கொளத்தூருக்கு வருவோம்.

ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கத்தும் சன் கானூர் எந்தக் கடையிலும் இருக்கும். சொந்த நாடான கயானா, வட பிரேசில் பகுதியில் அது அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. பறவை வியாபாரத்துக்காகப் பிடித்தே பல இடங்களில் காலி செய்துவிட்டார்கள். கூண்டில் இருப்பதை எண்ணி ‘நிறைய இருக்கிறதே’ என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இன்னும் மோசம். கானாவில் 1992-க்குப் பிறகு 90 முதல் 99 சதவீதம் குறைந்தது. அதனால் 2016-ல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள்.

நாட்டுப் பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய அலெக்சாண்ட்ரின் கிளி, இரண்டையும் வாங்கவோ விற்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எங்க வீட்ல பொறந்தது’, ‘ஜோசியக் கிளி’ என்ற சமாதானம் எடுபடாது. பச்சைக்கிளிக்கு உலக அளவில் ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் பெரிய கிளி அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் இருக்கிறது, அதற்கு முதல் காரணம் குஞ்சு பிடிப்பதுதான். பிடிப்பவன் கை நுழையப் பொந்தின் வாயை அரிவாளால் வெட்டி அகலமாக்குவான். அதற்குப் பிறகு மழை உள்ளே இறங்கும், காக்கை எட்டும், அடுத்த வருடம் எந்த ஜோடியும் அங்கே வராது. ஒரு குஞ்சு பிடித்ததில் ஒரு பொந்தும் போகிறது.

வெளிநாட்டுக் கிளி என்றால் சைட்டிஸ் பட்டியலில் இல்லாதவை பட்ஜி (சென்னையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் இதுதான்), காக்டெயில், பீச் முக லவ் பேர்ட் மட்டும். இவை மூன்றும் பண்ணையில் பல தலைமுறையாகப் பெருகியவை, ஆசைப்பட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. கானூர், மக்காவ், காக்கட்டூ, சாம்பல் கிளி எல்லாவற்றுக்கும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். விற்பவர் தன் பெயரில் உள்ள பதிவைக் காட்டி உங்கள் பெயருக்கு மாற்றித் தராவிட்டால் கடை பில்லுக்கு மதிப்பில்லை. காலில் மூடிய வளையம் இருக்கிறதா பாருங்கள். அது குஞ்சுப் பருவத்தில் மட்டுமே விரல்கள் வழியாக ஏறும். இணைப்புக் கோடு தெரியும் வளையம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம். வால் இறகு ஒடிந்து, நெற்றியில் முடி தேய்ந்து, ஆள் கிட்டே போனால் மூலையில் போய் மோதும் பறவை கையில் வளர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு.

கிளி மேல் ஆசை இருந்தால் கூண்டைவிட, அது கூடு வைக்க ஒரு பெட்டி மாட்டுவது நல்லது. 2016 வர்தா புயலில் சென்னை முழுக்க விழுந்த பெரிய மரங்களோடு எத்தனையோ பொந்துகளும் போயின. இப்போது ரயில்வே குடியிருப்பு, பழைய கட்டடச் சந்து, பட்ட தென்னை என்று கிடைத்த இடத்தில் மைனாவோடு சண்டை போட்டுப் பச்சைக்கிளி வாழ்கிறது. பெட்டிக்கு 18 மி.மீ. பலகை, அடி 25-க்கு 25 செ.மீ., உயரம் 50 செ.மீ., முன்பலகையின் மேல்பகுதியில் 7 செ.மீ. துளை. உள்ளே பெயின்ட் வேண்டாம். துளைக்குக் கீழே உட்பக்கம் குறுக்குக் கட்டைகள் அடியுங்கள், இல்லாவிட்டால் குஞ்சால் ஏற முடியாது. கட்டைக்குப் பதில் புது ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) போடக்கூடாது, கொறித்தால் துத்தநாக விஷம் ஏறும். அடியில் 5 செ.மீ. மரச்சீவல், நான்கு சின்ன வடிகால் துளை. கூரை முன்பக்கம் ஒரு கையளவு நீட்டியிருக்கட்டும். நான்கைந்து மீட்டர் உயரத்தில், மேற்கு வெயில் படாமல், நவம்பர் கடைசிக்குள் மாட்டிவிட வேண்டும், டிசம்பரிலேயே ஜோடி பொந்து தேடத் தொடங்கும். பி.வி.சி. குழாயில் செய்தால் வடசென்னை வெயிலில் குஞ்சு வெந்துவிடும். முதல் வருடம் மைனா வந்தால் விட்டுவிடுங்கள், பக்கத்தில் இன்னொரு பெட்டி மாட்டலாம்.

மொட்டைமாடியில் கிளிக்கு அரிசி வைப்பவர்கள் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், ஊறிய அரிசியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நோய் பரவ இதைவிட வசதியான இடம் கிடையாது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பால், பிரெட் வேண்டாம், சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் விடவும் வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பொந்து எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள், மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. எட்டாவிட்டால் துணி போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறையின் சென்னை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தாலும் அங்கேயே ஒப்படைக்க வேண்டும். நீங்களாகத் திறந்து விடாதீர்கள்: வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்க ஒரு வருடம் வரை ஆகலாம், அதுவரை அது பூனைக்குத் தீனி, கூண்டு நோய் ஏதாவது இருந்தால் அது வெளிக்கூட்டத்துக்கும் போகும். பாவம் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதும் வேண்டாம், கடைக்காரர் அந்தப் பணத்தில் அடுத்த குஞ்சுக்குச் சொல்லிவிடுவார்.