டிஸ்க் நிறைந்த லினக்ஸ் சர்வரில் லாக் கோப்புகளை எப்படிச் சுருக்குவது?

கேள்வி: "ஆபீஸ் சர்வரில் டிஸ்க் 100 சதவீதம் நிறைந்துவிட்டது. லாக் கோப்புகளை ஜீஜிப் கட்டளையால் சுருக்கப் பார்த்தால் இடமில்லை என்கிறது. ஜீஜிப், எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்ட், இவற்றில் எது நல்லது?"

இங்கே மற்றவர்கள் எது அதிகமாகச் சுருக்கும் என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது அது பிரச்சினை இல்லை. மேனேஜர் இந்நேரம் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருப்பார். முதலில் இடம் வேண்டும்.

லாக் என்பது நிரல் தான் செய்வதை வரி வரியாகப் பதிந்து வைக்கும் கோப்பு. அதைச் சுருக்கும்போது ஜீஜிப் பழைய கோப்பை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதை எழுதும். முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பழையதை அழிக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கவே அதற்குக் கொஞ்சம் இடம் தேவை. பாதியில் தோற்றாலும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். ஆகவே சின்னக் கோப்பில் இருந்து தொடங்குங்கள். கோப்புகளைப் பட்டியல் போடும் எல்எஸ் கட்டளைக்கு மைனஸ் போட்டு எல், பெரிய எஸ், ஆர் கொடுத்தால் சின்னது மேலே, பெரியது கீழே என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் சுருங்கச் சுருங்க அடுத்ததற்கு இடம் கிடைக்கும். சின்னதற்கே இடமில்லை என்றால் மைனஸ் சி போட்டு வெளியீட்டை யூஎஸ்பி டிஸ்க்குக்குத் திருப்பிவிடுங்கள். மைனஸ் டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து, t) போட்டுச் சோதித்துவிட்டு மூலத்தை அழியுங்கள்.

நான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். டிப்ளோமாதான், எஞ்சினியர் இல்லை. கணினிப் படிப்பு படித்தவர்கள் இதைவிட அழகாகச் சொல்லலாம், சொல்லட்டும். ஒரு நைட் ஷிப்டில் சிப் சோதிக்கும் மெஷின்களின் லாக் எல்லாம் வந்து விழுகிற சர்வர் நிறைந்துபோய் லைன் நின்றது. எஞ்சினியருக்கு போன் போட்டேன். "புது டிஸ்க்குக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கேன், இப்போதைக்குப் பழைய லாக்கை அழிச்சிடுங்க" என்றார், தூக்கக் கலக்கத்தில். அழிக்க மாட்டேன் என்றேன். நாளைக்கு வாடிக்கையாளர் ஒரு லாட்டைப் பற்றி, அதாவது ஒரு தொகுதி சிப்பைப் பற்றி, கேட்டால் அந்த லாக்தான் சாட்சி. அது இல்லையென்றால் யார் தலை உருளும் என்று எனக்குத் தெரியும்.

சின்னதில் இருந்து போனேன். லாக்கில் ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வரும். ஜீஜிப் கடைசி 32 கேபிக்குள் ஏற்கெனவே வந்த துண்டைப் பார்த்தால் மறுபடி எழுதாமல் "இத்தனை எழுத்துக்கு முன்னால் பார்" என்று குறித்துவிட்டுப் போகும். அதனால் லாக் நன்றாகவே சுருங்கும், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். ஜேபெக் படம், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மெஷின் எழுதிக்கொண்டிருந்த கோப்பை மட்டும் நான் தொடவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். திறந்திருக்கும் கோப்பை ஜீஜிப் செய்தால் பெயர் போய்விடும், ஆனால் நிரல் அந்தப் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் இடமும் திரும்பாது, புதிதாக எழுதிய வரிகளும் கிடைக்காது. டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தால் அதே 100 சதவீதம், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

விடிவதற்குள் லைன் ஓடியது. காலை மீட்டிங்கில் "சர்வர் பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு வரி சொன்னார்கள். யார் தீர்த்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் அதே சர்வர் வேலைக்கு ஆள் எடுத்தபோது விளம்பரத்தில் "மெண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை" என்று போட்டிருந்தார்கள், சீன மொழிதான். இதைச் சொன்னால் இனம் பேசுகிறான் என்று இரண்டு பேர் கீழே வந்து திட்டுவார்கள். வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை என்றால் எனக்கும் புரியும். லினக்ஸோடு பேசுகிற வேலைக்கு எதற்கு? கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊரில் இருந்து தினமும் பாலத்தில் ஊர்ந்து வந்து நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். சரி, விடுங்கள்.

எந்த டூல் என்று கேட்டீர்கள். என் ஓட்டு ஜீஜிப்புக்கு. 1992-இல் வந்தது, எந்தப் பழைய மெஷினிலும் இருக்கும். எக்ஸ்இசட் இன்னும் சின்னதாக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைனஸ் 9 போட்டால் சுருக்கும்போது 674 எம்பி வரை ரேம் தின்னும், மூச்சுத் திணறுகிற சர்வரில் அது வேண்டாம். 2024-இல் அதற்குள் யாரோ கள்ளக் கதவு வைத்த கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது 5.6.0, 5.6.1 பதிப்புகளோடு போயிற்று, நான் அதற்காகச் சொல்லவில்லை. இசட்-ஸ்டாண்டர்ட் வேகத்தில் மூன்றிலும் கெட்டிக்காரன். ஆனால் தானாக மூலக் கோப்பை அழிக்காது, ஆர்எம் என்கிற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டார் போட்டு மொத்த ஃபோல்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்லியிருக்கிறார் மேலே ஒருவர். மூட்டை முழுசாகும் வரை ஒரு கோப்பையும் அழிக்க முடியாது. நிறைந்த டிஸ்க்கில் அதை எங்கே வைப்பார் என்று அவரே சொல்லட்டும்.

சுருக்கியதை மறுபடி விரிக்காதீர்கள், இதுதான் முக்கியம். எங்கள் பகல் ஷிப்டில் ஓர் அண்ணன் ஒரே ஒரு பிழைச் செய்தியைத் தேட, பெரிய லாக்கை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவார். திரும்ப டிஸ்க் நிறையும். "அண்ணே, இசட்கிரெப் போடுங்க, விரிக்காமலே தேடும்" என்று காட்டினேன். பக்கம் பக்கமாகப் படிக்க இசட்லெஸ், முழுதாகக் கொட்ட இசட்கேட். மூன்றும் ஜீஜிப்போடு கூடவே வருபவை, தனியாக நிறுவ வேண்டியதில்லை.

இன்றைக்குத் தப்பித்ததும், பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கி லாக்கைச் சுழற்றுகிற லாக்ரொட்டேட் நிரலின் அமைப்பில் கம்ப்ரஸ், டிலேகம்ப்ரஸ் இரண்டையும் போட்டுவையுங்கள். இரண்டாவது எதற்கென்றால், புதிதாகச் சுழற்றிய கோப்பில் நிரல் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். அதனால் அதை அடுத்த சுற்றில்தான் சுருக்கும்.