சராசரி மீன் எங்கே நிற்கிறது?

அன்புள்ள சார்,
ஊர் தொண்டி. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எதிர்பார்ப்பு மதிப்புகள் (அதாவது அளவீடுகளின் சராசரிகள்) நியூட்டன் விதிப்படிதான் நகரும் என்று எரன்ஃபெஸ்ட் தேற்றம் சொல்வதாக வகுப்பில் படித்தோம். சராசரி நியூட்டனுக்குக் கட்டுப்படும் என்றால், குவாண்டத்தில் புதிதாக என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வகுப்பில் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயமே இருக்கிறது.

இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் 1927-இல் காட்டியது இரண்டே வரி. இருப்பிடத்தின் சராசரி மாறும் வீதம், உந்தத்தின் சராசரியை நிறையால் வகுத்தது. உந்தத்தின் சராசரி மாறும் வீதம், விசையின் சராசரி. கவனியுங்கள், 'விசையின் சராசரி'. நியூட்டனுக்கு வேண்டியது 'சராசரி இடத்தில் உள்ள விசை'. இரண்டும் ஒன்றல்ல.

தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனைக்குப் போயிருப்பீர்கள். ஒரு பக்கம் ஆண்கடல் அலையடிக்கும், மறுபக்கம் பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சூடை மீன் கூட்டம் ஒன்று பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கிறது என்று வையுங்கள். அதன் சராசரி இடம் நடு மணல். அங்கே மீனும் இல்லை, நீரோட்டமும் இல்லை. ஆனால் இரு பக்கத்து நீரோட்டமும் மீன்களை இழுக்கிறது, சராசரியும் நகர்கிறது. மணலை மட்டும் பார்த்து அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. (எலக்ட்ரான் கூட்டமல்ல, ஒற்றை ஆள். ஒரே மாதிரி தயாரித்த பல எலக்ட்ரான்களை அளந்து எடுப்பதுதான் இந்தச் சராசரி. உவமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.)

கணக்காகவே பார்ப்போம். விசை, தொலைவின் மும்மடி. துகள் 1-இலோ 3-இலோ இருக்கச் சம வாய்ப்பு. சராசரி இடம் 2, அங்கே விசை 8. விசைகளின் சராசரியோ 1-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாதி, 14! அதே விசை தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருந்தால் இரண்டு கணக்கும் 2 என்றே வரும். சுருள்வில்லில் கட்டிய துகளின் சராசரி நியூட்டன் சொன்னபடியே ஆடுவது அதனால்தான். பாடப்புத்தகம் அந்த ஒரு உதாரணத்தையே சுற்றிச் சுற்றி வருவதால்தான் இந்தக் குழப்பம் என்பது என் கட்சி.

பொது விதியும் சொல்லிவிடுகிறேன். நேரத்தை வெளிப்படையாகச் சாராத எந்தக் கணியமானாலும், அதன் செயலியையும் (அந்தக் கணியத்தைக் குறிக்கும் கணிதக் கருவி) ஹாமில்டோனியனையும் (மொத்த ஆற்றலின் செயலி) எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது என்றால் சராசரி அசையாது. திட்டமான ஆற்றல் கொண்ட நிலை ஒன்றில் இருக்கும் துகளுக்கோ இருப்பிடத்தின் சராசரிகூட நின்ற இடத்தில் நிற்கும்.

அப்புறம் உங்கள் ஊர் வல்லம் (மீன்பிடிப் படகு) மட்டும் எப்படி நியூட்டன் சொல்படி போகிறது? மேலே 1, 3 என்று போட்ட இடத்தில் 1.9, 2.1 என்று போட்டுப் பாருங்கள். விசைகளின் சராசரி 8.06 வரும், நடுவில் உள்ள 8-க்குப் பக்கத்திலேயே. பரவல் குறுகினால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்; வல்லத்துக்கோ அந்தப் பரவல் அதன் அளவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.