வாடகைப் பாத்திரங்கள்

கேள்வி: ‘டாக்டர் ஹூ’ டி.வி. தொடரை ஒட்டி மார்க் பிளாட் எழுதிய ‘லங்பாரோ’ என்ற பேய் வீட்டு நாவல் எனக்குப் பிடித்திருந்தது. ‘அடுத்தவரின் வாடகைப் பாத்திரங்களை வைத்து எழுதுவது இலக்கியமா?’ என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஒரு வாசகர், களியக்காவிளை)

பதில்: குமரி மாவட்டத்தில் எத்தனை கல்யாண வீட்டுக்குச் சொந்த உருளி இருக்கிறது? வாடகை உருளியில்தான் அடைப்பிரதமன் பாயசம் குறுகிச் சிவக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் ‘சமையல் யார்?’ என்றுதான் விசாரிக்கிறார்கள்.

பிளாட் இந்தக் கதையை முதலில் தொடருக்குத்தான் கொடுத்தார். நாயகனின் பிறந்த வீட்டைக் காட்டினால் அவனைச் சுற்றியுள்ள மர்மம் கலைந்துவிடும் என்று தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். அதனால் 1883-இல் லண்டன் பக்கத்து மாளிகை ஒன்றில் நடக்கும் வேறொரு பேய் வீட்டுக் கதையாக அதை மாற்றிக் கொடுத்தார். அது 1989-இல் ஒளிபரப்பானது. அந்த ஆண்டோடு பழைய தொடரும் நின்றது. டி.வி. வேண்டாமென்ற வீடு 1997-இல் நாவலாக வந்தது. அங்கே பேய் எங்கிருந்தோ வந்து குடியேறவில்லை. வீட்டுக்கே உயிர் இருக்கிறது, மேசை நாற்காலிகள் நடமாடுகின்றன. வீடு மண்ணுக்குள் புதைந்து கிடக்க, உள்ளே சிக்கிய பங்காளிகள் நூற்றாண்டுக் கணக்காக ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிக் கிடக்கும் தறவாடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான பேய் உண்டா?

உங்கள் நண்பரைப் போன்றவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய வழக்கு. நீலி யாருடைய பாத்திரம் என்று அவர்கள் இன்றுவரை சொல்லவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காட்டுப் பழையனூரில், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்தவள் அவள். தான் அவன் மனைவி என்று அவள் சொன்னதை நம்பிய ஊர்ப் பெரியவர்கள், அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பென்று வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு ஓர் இரவு அடைத்து வைத்தார்கள். விடிந்தபோது பிணம் கிடந்தது. வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு இருக்கிறது. அதே நீலியைத்தான் நம் வில்லுப்பாட்டுப் புலவர்கள் முப்பந்தலுக்குக் கொண்டுவந்து இசக்கியம்மனாக நிறுத்தினார்கள். அவர்களில் எவரும் அவளைப் படைத்தவர் இல்லை. ஆனாலும் அந்தக் கதவைச் சாத்தும் கட்டத்தில் வில்லில் வீசுகோல் விழும் வேகத்தை ஆளுக்கொரு விதமாகக் கூட்டுகிறார்கள். கதை தெரிந்த கூட்டம் அதற்காகவே விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் நண்பரை அடுத்த கோயில் கொடைக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கட்டம் வரும்வரை எழுந்திருக்க விடாதீர்கள்.