லுபும்பாஷிக்குப் போகும் சரக்கை மடாடியில் இறக்கலாமா?

கேள்வி: காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷி நகரிலிருந்து எங்கள் பம்புசெட்டுகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு கன்டெய்னர் அளவு. "மடாடி அந்த நாட்டுத் துறைமுகம்தானே, அங்கே இறக்கினால் வேறு நாட்டு எல்லைத் தொல்லை இல்லை" என்கிறார் ஏஜென்ட். கட்டணமும் குறைவு. நம்பலாமா? - வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அவர் சொன்ன கட்டணம் மடாடி வரைக்கும்தான். அதற்கப்புறம் யார் கொண்டுபோவது, எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

ஒன்பது நாடுகளோடு எல்லை, 23 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அவ்வளவு பெரிய நாட்டுக்குக் கடற்கரை சுமார் 37 கிலோமீட்டர்தான், அதுவும் மேற்கு மூலையில். மடாடி அங்கிருந்து ஆற்றுக்குள் தள்ளி இருக்கிறது. லுபும்பாஷியோ தென்கிழக்கு மூலை. அங்கே கடிகாரமே மடாடியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். உள்நாட்டு வழியில் போனால் மடாடியிலிருந்து கின்ஷாசாவுக்கு ரயில், அங்கிருந்து கசாய் ஆற்றில் படகில் இலெபோ, அப்புறம் மறுபடி ரயில். கப்பலிலிருந்து இறக்கியதைச் சேர்க்காமலே நடுவில் இரண்டு இடத்தில் மாற்றி ஏற்ற வேண்டும். எப்போது போய்ச் சேரும் என்று ஒருவரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

உங்களுக்கு வழி டான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம். டான்சானியா, ஜாம்பியா இரண்டையும் லாரியில் கடந்து, கசும்பலேசாவில் காங்கோவுக்குள் நுழைய வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். கசும்பலேசாவில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஒரே சரக்குக்கு ஒரே தகவலை ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறார்கள். இத்தனை வருடமாக இதைச் சரிசெய்ய ஆளில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சரக்கு லுபும்பாஷிக்கு அல்லாமல், அதே நாட்டின் இன்னொரு நகரமான கொல்வேசிக்குப் போவதாக இருந்தால், அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்தையும் விசாரியுங்கள். அங்கிருந்து காங்கோ எல்லை வரை 1,300 கிலோமீட்டருக்கு ரயில் பாதை இருக்கிறது. உள்நாட்டுப் போரில் பல்லாண்டு முடங்கிக் கிடந்து திரும்ப ஓடுகிறது. எல்லையைத் தாண்டி கொல்வேசி வரையிலான காங்கோ பகுதிதான் பழசு, வண்டி ஊர்ந்து போகும். அந்த ரயிலுக்குப் பிரதான வேலை செம்பும் கந்தகமும். உங்கள் ஒற்றைக் கன்டெய்னருக்கு இடம் கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது, நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது. கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் வெறும் "காங்கோ" என்று எழுத விடாதீர்கள். காங்கோ இரண்டு. கின்ஷாசாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிராசவில் இன்னொரு நாட்டின் தலைநகரம். நாட்டுக் குறியீடு உங்களுடையது சி.டி., அது சி.ஜி. ஒரே எழுத்து தவறினால் பெட்டி அந்த நாட்டுத் துறைமுகமான பாயின்ட் நுவாருக்குப் போய் உட்காரும். இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் தார் எஸ் சலாம், சேருமிடம் என்ற கட்டத்தில் லுபும்பாஷி, கூடவே காங்கோவுக்குப் போகும் டிரான்சிட் சரக்கு என்ற வாசகம். மூன்றும் இருக்க வேண்டும்.

"ஃபெரி" எனும் மின்னணுச் சரக்குச் சான்றை எல்லையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் ஆளை மாற்றுங்கள். அதை முன்கூட்டியே எடுக்க வேண்டும். விட்டால் அபராதம், சரக்கும் நிற்கும். டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் உங்கள் தலையில். கப்பல் கிளம்புவதற்கு முன் பில்லின் டிராஃப்டை வாங்கி அந்த மூன்றையும் நீங்களே பாருங்கள்.